சில்வண்டு கிடைக்கவில்லை

கைபேசி அடித்தபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். திரையில் கணவனின் படம். வேலை நாளில், பட்டப்பகலில் அவன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிறான் என்றால் எங்கேயோ ஏதோ கவிழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாம் நல்லபடியாக இருக்கும்போது கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்கிற ரகமில்லை அவன்.

"கண்ணு..." என்றான்.

சரிதான். வீட்டில் அவளுக்கு "இங்க பாரு" என்பதுதான் பேர். கண்ணு வந்தால் பின்னாலேயே ஒரு காரியமும் வரும்.

"என்ன, ஓடலையா?"

"ஓடல. டபுள் கிளிக் பண்றேன், ஒரு மண்ணும் வரல. ஆஸ்பத்திரி லேப்ல நிக்கறேன். எங்க கம்பெனி டைரக்டர் மேடம் இங்கயே நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க. லேப் இன்சார்ஜ் கையைக் கட்டிக்கிட்டு என் மூஞ்சியையே பார்க்கறாரு." அவன் குரல் கிசுகிசுப்பாக வந்தது. ஏதோ தூண் மறைவில் நிற்கிறான் போலிருக்கிறது.

"பதறாதீங்க. கறுப்பு விண்டோவைத் திறந்து அதுல ஜாரை ஓட்டுங்க. என்ன எழுத்து வருதோ, அதை அப்படியே படிங்க."

அடுப்படியின் மறுகோடியில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தாள். "என்னம்மா, ஜார் ஓடலையா? காலைல கூட நான் அரைச்சேனே, நல்லாத்தான் ஓடுச்சு."

"மிக்ஸி ஜார் இல்ல அத்தை. உங்க பிள்ளையோட கம்ப்யூட்டர் ஜார்."

"அவன் ஆபீஸ்ல எதுக்கு மிக்ஸி?" என்று மாமியார் துணியைப் பார்த்துக் கேட்டாள். பதில் வராது என்று அவளுக்கும் தெரியும்.

கைபேசியில் அவன் படித்தான். "கிளாஸ் கிடைக்கவில்லை... சில்வண்டு..." அந்த இடத்தில் நிறுத்திவிட்டான்.

சில்வண்டு அவள்தான்.

கல்லூரியில் அவள் வாய் ஓயாது. வகுப்பிலும் பேசுவாள், பேருந்திலும் பேசுவாள், பரீட்சை அறைக்குள் நுழைகிற வரைக்கும் பேசுவாள். காது கிழியுது என்று தோழிகள் வைத்த பேர். அந்தப் பேர் அவளோடு ஒட்டிக்கொண்டு முதல் வேலைக்கும் வந்தது. அங்கேதான் அவனும் இருந்தான், பக்கத்து மேசையில். அப்போது அவள் அவனை வாடா போடா என்றுதான் கூப்பிடுவாள். அவனுக்கு ஜாவாவில் சந்தேகம் வந்தால், "ஏ சில்வண்டு, கொஞ்சம் வாயேன்" என்பான். அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு போவாள். அப்படி உருட்டி உருட்டித்தான் கல்யாணம் வரை வந்தது. கல்யாணத்தன்றே "டா" போய் "ங்க" வந்துவிட்டது. மாமியார் எதிரில் புருஷனை டா போட முடியுமா? பிறகு மகள் பிறந்தாள், வேலை போயிற்று, பேச்சும் போயிற்று. அந்த வீட்டில் இப்போது சத்தம் போடுவது மிக்ஸி ஒன்றுதான்.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. அவன் புதிதாகச் சேர்ந்த நிறுவனம் ஆஸ்பத்திரிகளுக்கு நிரல் எழுதிக் கொடுக்கிறது. ரத்தப் பரிசோதனை செய்கிற மெஷினிலிருந்து முடிவுகளை நேரடியாகக் கணினிக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை லேப் ஆட்கள் மெஷின் திரையைப் பார்த்துப் பார்த்துக் கையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். மெஷினோ அரதப் பழசு. கேபிள் வழியாக அது அனுப்புவதைப் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும். ஒரு வரியை இரண்டு துண்டாக அனுப்பும். தசமப் புள்ளியை மறந்துவிட்டுப் பிறகு அனுப்பும். எல்லாவற்றுக்கும் மேலே, சில நேரம் முந்தின ஆளின் முடிவையே அடுத்த ஆளுக்கும் இன்னொரு முறை அனுப்பிவிடும். அவன் அலுவலகத்தில் அத்தனை பேரும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டார்கள்.

அவன் மெஷின் கக்கியதையெல்லாம் ஒரு கோப்பில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். "சும்மாதானே இருக்க, ஒரு பார்வை பாரேன்" என்றான். சும்மாதானே! மகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, சமைத்து, பாத்திரம் கழுவி, அதற்கப்புறம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். பல மாதம் உட்கார்ந்தாள். மெஷின் எப்போது பொய் சொல்கிறது, எப்போது திக்குகிறது என்று அதன் குணமெல்லாம் அவளுக்கு அத்துப்படியாயிற்று. எழுதி முடித்ததும் ஒரே ஜாராகக் கட்டி, அதற்குத் தன் பழைய பேரை வைத்தாள். சில்வண்டு. யாரும் கூப்பிடாத பேர், இதிலாவது இருக்கட்டுமே.

அவன் நிறுவனத்தில் ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்திருந்தது. நல்ல ஜாவா தெரிந்த ஒருவர் தேவை. அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். அத்தனை வருஷ இடைவெளிக்கு யாரும் எதிரில்கூட உட்காரவிட மாட்டார்கள் என்று அவளுக்குப் பயம். "அட, நீ மெஷினைப் படிக்கற அந்த ரீடரை மட்டும் முடிச்சுக் கொடு" என்றான் அவன். "ஆஸ்பத்திரில ஒரு தடவை ஓடிடட்டும். இதை எழுதினது என் வொய்ஃப்தான் மேடம்னு நானே சொல்றேன். அப்புறம் இன்டர்வியூவாவது ஒண்ணாவது." இன்டர்வியூ மறுநாள். அவளுடைய நல்ல புடவை இஸ்திரி போட்டு ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த ஓட்டம் ஓடினால்தான் அவளுக்கு அந்த மேசை. இப்போது ஆஸ்பத்திரியில் நின்றுபோனது அவளுடைய பிழைப்பும்தான்.

"எப்படிக் கட்டினீங்க?" என்று கேட்டாள்.

"உன் ஜாரை என் ஜாருக்குள்ளயே வெச்சுக் கட்டிட்டேன். தனித்தனியா ரெண்டு ஃபைல் கொடுத்தா பார்க்க அசிங்கமா இருக்குமேன்னு..."

அவள் வெங்காயக் கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டாள். கண் எரிந்தது. "ஜாருக்குள்ள ஜார் வெச்சா ஜாவா அதைப் பிரிச்சுப் பார்க்காதுங்க. உள்ள இருக்கும், ஆனா அதுக்குத் தெரியாது. இதை உங்களுக்கு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன், அந்தப் பழைய ஆபீஸ்ல?"

"என் லேப்டாப்ல ஓடுச்சே?"

"உங்க லேப்டாப்ல என் ஜார் வெளிய ஒரு ஃபோல்டர்ல தனியாக் கிடக்குது. அங்கேருந்து எடுத்து ஓட்டிக்கிட்டிருந்தது. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல அது எங்க இருக்கு?"

"சரி சரி, இப்ப என்ன பண்றது? அதைச் சொல்லு."

"உங்களால அங்க நின்னுக்கிட்டு முடியாது. ஃபைலை எனக்கு அனுப்புங்க. நான் கட்டி அனுப்பறேன்."

அவன் பெருமூச்சு விட்டது கேட்டது. ஆனால் போனை வைக்கவில்லை.

"இன்னொரு விஷயம், கண்ணு. அந்தப் பேரை எடுத்துடு."

"எந்தப் பேரை?"

"அதான்... சில்வண்டு. திரையில பெருசா வந்துடுச்சு. மேடம் பார்த்துட்டாங்க. யார் இந்த சில்வண்டுன்னு கேட்டாங்க."

அவள் உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. எப்பேர்ப்பட்ட சந்தர்ப்பம்! அவனாகச் சொல்ல வேண்டியதுகூட இல்லை, அந்த அம்மாளே கேட்டுவிட்டாள். "என்ன சொன்னீங்க?"

பின்னால் யாரோ டோக்கன் எண் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"அந்த நேரத்துல எனக்கு ஒண்ணும் ஓடல... நெட்ல ஃப்ரீயா கிடைக்கற ஏதோ ஒண்ணுன்னு சொல்லிட்டேன்."

அடப்பாவி! மாதக்கணக்கில் சாப்பாட்டு மேசையில் முதுகு ஒடிய எழுதினது, நெட்டில் ஃப்ரீயாகக் கிடைக்கிற ஏதோ ஒண்ணு.

"ஓடாம நிக்குது, இது என் பெண்டாட்டி எழுதினதுன்னு அப்ப எப்படிச் சொல்றது, நீயே சொல்லு? வீட்ல உக்காந்து யாரோ எழுதினதைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரில மாட்டறியான்னு கேக்க மாட்டாங்களா? இப்பவே கண்ட கண்டதையெல்லாம் உள்ள சேர்க்கக் கூடாது, தூக்குன்னுட்டாங்க. ஒரு மணி நேரத்துல நம்மளோடதா மாத்திடறேன்னு சொல்லியிருக்கேன். நீ கம்பெனி பேரைப் போட்டுக் கட்டிடு. என் பேர்ல போனா என்ன, உன் பேர்ல போனா என்ன? நான் வேற நீ வேறயா?"

"யாரோ எழுதினது" என்றாள் அவள்.

"வார்த்தையைப் பிடிச்சுத் தொங்காத. நாளைக்கு நீ வர்றப்ப நிதானமா நானே எடுத்துச் சொல்றேன். இப்ப இது ஓடலைன்னா எனக்கும் வேலை இல்ல, உனக்கும் இல்ல. யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். யோசித்து என்ன? கையைக் கழுவிவிட்டு மேசைக்குப் போனாள்.

ஜார் என்பது பெரிய மாயமில்லை. நிரலையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, மேலே மேனிஃபெஸ்ட் என்று ஒரு சீட்டு வைப்பது. எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும், யார் கட்டியது என்றெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். அவள் தன் ஜாரைப் பிரித்தாள். உள்ளே இருந்ததையெல்லாம் அவனுடைய ஜாருக்குள் கொட்டினாள். இரண்டு சீட்டு ஆயிற்று. ஒரு மூட்டைக்கு ஒரு சீட்டுதான். ஒரே உறையில் இரண்டு கத்தி எப்படி நிற்கும்? அவளுடைய சீட்டு போயிற்று, அவனுடையது நின்றது. அதுவாவது பரவாயில்லை, வழக்கமாக நடப்பதுதான்.

பேரை மாற்றுவதுதான் கொடுமை. அதற்கென்று கருவி இருக்கிறது. பழைய பேர் இது, புதுப் பேர் இது என்று சொல்லிவிட்டால் மூட்டைக்குள் எங்கெங்கே அந்தப் பேர் இருக்கிறதோ அங்கெல்லாம் தேடித் தேடி மாற்றிவிடும். ஒன்றுகூட விடாது. அவள் இடது பக்கம் சில்வண்டு என்று அடித்தாள், வலது பக்கம் நிறுவனத்தின் பேரை அடித்தாள், என்டர் தட்டினாள். கொஞ்சம் தண்ணீர் குடிக்கிற நேரம். முடிந்துவிட்டது. பிறகு உள்ளே தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று வந்தது. எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்வது அவள் வழக்கம்.

தன் மடிக்கணினியில் இருந்த மூல நிரலில் அவள் கை வைக்கவில்லை. அது சில்வண்டாகவே இருந்தது. அவன் அதைக் கேட்டதும் இல்லை. அவனுக்கு வேண்டியது எப்போதும் கட்டி முடித்த ஜார்தான்.

அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான். அவன் பேசவில்லை, பாக்கெட்டில் இருந்த கைபேசியில் கை பட்டிருக்க வேண்டும். கைதட்டல் கேட்டது. "சபாஷ்! ஒரு மணி நேரத்துல மாத்திட்டீங்களே" என்று யாரோ ஆண் குரல். "எல்லாம் டீம் ஒர்க் சார்" என்று அவன். அவள் போனை வைத்துவிட்டு மீதி வெங்காயத்தை உரித்தாள்.

மறுநாள் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு அவள் போனாள். அவன் காலையிலேயே கிளம்பிவிட்டிருந்தான். ஒன்றாகப் போனால் நன்றாக இருக்காதாம்.

டைரக்டர் அம்மாள் அறை சின்னது. கண்ணாடிச் சுவர், ஒரு மேசை, மூலையில் வாடிய செடி. அந்த அம்மாள் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். வார்த்தையை அளந்து பேசுகிற ரகம், ஆனால் கடுமை இல்லை. காபி வரவழைத்துக் கொடுத்தாள். வழக்கமான கேள்விகளெல்லாம் கேட்டாள். அவள் பதில் சொல்லச் சொல்ல, வெகுநாள் பூட்டிக் கிடந்த வாய் மெல்லத் திறந்துகொண்டது. ஒரு கட்டத்தில் தானே நாற்காலி நுனிக்கு வந்து கையை ஆட்டிப் பேசுவதைக் கவனித்து வெட்கப்பட்டாள்.

"நல்லாத்தான் பேசறீங்க" என்றாள் டைரக்டர். "ஆனா இத்தனை வருஷம் வீட்ல இருந்திருக்கீங்களே. அந்த நேரத்துல ஏதாவது பண்ணீங்களா?"

அவள் கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தாள். அவன் தன் மேசையில் இருந்தான். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிதானமா நானே எடுத்துச் சொல்றேன் என்றவன், கழுத்து சுளுக்கிக்கொண்டவனைப் போல இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒரு ரீடர் எழுதியிருக்கேன் மேடம்" என்று மடிக்கணினியைத் திறந்தாள். மெஷின் கக்கியதைப் பிடித்த கோப்பைக் கொடுத்துப் பழைய ஜாரை ஓடவிட்டாள். மேலே சில்வண்டு என்று வந்தது. கீழே வரி வரியாக முடிவுகள் ஓடின.

டைரக்டர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு பார்த்தாள். "ஓ, இதுவா? நேத்து உங்க வீட்டுக்காரர்கிட்டயும் இருந்துச்சு. நெட்ல ஃப்ரீயா கிடைக்குதாமே. எங்கேருந்து டவுன்லோட் பண்ணீங்க?"

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். கையில் இருந்த ஒரே அத்தாட்சி, ஊரில் எவன் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் சத்திரத்துச் சாமானாகிவிட்டது.

"டவுன்லோட் பண்ணல மேடம். நான் எழுதினது. சில்வண்டு நான்தான். அந்த மெஷின் சில நேரம் முந்தின ஆளோட ரிசல்ட்டையே திரும்ப அனுப்பும். ரெண்டும் ஒண்ணுதானான்னு பார்த்து, அதைத் தள்ளிட்டு மறுபடி கேக்கணும். இதோ, இந்த இடத்துல பாருங்க."

டைரக்டர் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நேத்து சாயங்காலமே நெட்ல தேடினேன். அப்படி ஒண்ணு எங்கயும் இல்ல. ஒரு மணி நேரத்துல அதை எந்தக் கொம்பனாலயும் திரும்ப எழுத முடியாதுன்னும் எனக்குத் தெரியும்."

தெரிந்திருக்கிறது! நல்லவேளை, தெரிந்திருக்கிறது. அழுதுவிடக் கூடாது என்று காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க" என்றாள் டைரக்டர். "ஆஸ்பத்திரில ஓடிக்கிட்டிருக்கு. எல்லாமே எங்க ஆளுங்க எழுதினதுன்னு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். இப்பப் போய், இல்ல, வெளிய ஒருத்தங்க எழுதினதுன்னு சொன்னா மொத்தத்தையும் நிறுத்திடுவாங்க. ஓடற ஜாரை யாராவது பிரிப்பாங்களா?"

"பிரிக்க வேண்டாம் மேடம். என் பேரும் வேண்டாம். எனக்கு இந்த வேலை கிடைச்சாப் போதும்."

சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கே உறைத்தது. அவமானமாக இருந்தது. ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

டைரக்டர் அவளை நேராகப் பார்க்காமல் மேசையைப் பார்த்தாள். "இந்த வேலையே அந்த ரீடரை எழுதறதுக்குத்தாம்மா. எங்க ஆளுங்களால முடியலைன்னுதான் வெளிய ஆள் தேடினோம். இப்பதான் அது முடிஞ்சிடுச்சே. நேத்தே அந்த இடமே வேண்டாம்னு எடுத்துட்டாங்க, வரச் சொன்ன மரியாதைக்குத்தான் உங்களைப் பார்த்தேன். உங்க வீட்டுக்காரர் சொல்லலையா? ஆள் எடுக்கணும்னு முடிவு பண்ணின மீட்டிங்ல அவரும்தான் இருந்தார்."

சொந்தச் செலவில் சூனியம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவள் தன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வரி வரியாக, பிழை இல்லாமல், தன் வேலையைத் தானே தின்று முடித்திருந்தாள். பரிமாறியவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காபி ஆறிடுச்சு, வேற சொல்லட்டுமா?" என்றாள் டைரக்டர்.

"வேண்டாம் மேடம்."

சாயங்காலம் அவன் இனிப்புப் பெட்டியோடு வந்தான். மகள் பாய்ந்து வாங்கிக்கொண்டாள். அவன் சட்டையைக் கழற்றி மாட்டுகிற வரை அவள் காத்திருந்தாள்.

"அந்த வேலை எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

அவன் சட்டையைத் திரும்ப ஒரு தரம் சரியாக மாட்டினான். "தெரியும்தான். அதுக்காக? வெளியாள் ஒருத்தன் வந்து அதை எழுதியிருந்தா நான் எங்க நின்னிருப்பேன்? நீ உள்ள வந்து எழுதியிருந்தா மட்டும்? பெண்டாட்டிக்குக் கீழ வேலை பார்க்கறான்னு சிரிக்க மாட்டாங்க? பாப்பாவை யார் பார்த்துக்கறது, அம்மாவாலயா முடியும்? எல்லாம் யோசிச்சுத்தான் பண்ணேன். நம்ம குடும்பத்துக்குத்தானே எல்லாம். நான் வேற நீ வேறயா?"

"அம்மாவால என்ன முடியாது?" என்று உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். போட்டால் அவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான், மூன்றாம் நாள் யாராவது விருந்தாளி வருவார்கள், எல்லாரும் சிரித்துப் பேச வேண்டும். அவள் புடவையை அவிழ்த்து மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். அன்றிலிருந்து அவன் எது கேட்டாலும் உண்டு, இல்லை என்று ஒரே வார்த்தை. அதை அவன் கவனிக்கவே இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அவனுக்குப் பதவி உயர்வு வந்தது. ஆஸ்பத்திரியும் திருப்தியாக இருந்தது. மகளுக்கு முழு ஆண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறை விட்டார்கள். அவள் வேறு இரண்டு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டாள். இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்ற கேள்வியில் இரண்டும் நின்றுவிட்டன. சில்வண்டைக் காட்டலாமா என்றால், நாளைக்கு அந்த ஆஸ்பத்திரி நிரலோடு ஒப்பிட்டு, திருட்டு என்று அவள் தலையிலேயே கட்டிவிட மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? பேர் இருக்கிறவன் பக்கம்தானே நியாயமும் இருக்கும்.

ஒரு நாள் நடுப்பகலில் கைபேசி அடித்தது. அவள் அடுப்படி மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு..."

"ம்."

"ஆஸ்பத்திரில புது மெஷின் வாங்கியிருக்காங்க. நம்ம ரீடரை அதுல மாட்டிப் பார்த்தேன், ஓடல. மேடம், பெரிய டாக்டர் எல்லாரும் நிக்கறாங்க. நான்தான் இதுல எக்ஸ்பர்ட்னு எல்லார் முன்னாலயும் வேற சொல்லிட்டாங்க. நீ சின்னதா ஒரு மாத்தம் பண்ணிக் கட்டி அனுப்பினாப் போதும். மூல நிரல் உன்கிட்டதானே இருக்கு?"

"பழைய மெஷின் ஓடுதா?"

"அது பாட்டுக்கு ஓடுது."

"யாருக்கும் ரிசல்ட் நிக்கலையே?"

"இல்ல, இல்ல. இது புதுசு, இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. எனக்குத்தான் இங்க மானம் போகுது."

அதைத்தான் அவள் தெரிந்துகொள்ள நினைத்தாள். நோயாளிகள் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. துணியை மேடையிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"திரையில என்ன எழுத்து வருது? படி."

அவன் படித்தான். நிறுவனத்தின் பேர் வந்தது. ஒரு புள்ளி. பிறகு ரீடர். பிறகு ஏதோ பிழை எண்.

"மெதுவா, முழுசாப் படி."

இன்னொரு முறை படித்தான். மறுபடியும் நிறுவனத்தின் பேர்.

"அதுல என் பேர் எங்கயாவது இருக்கா?"

டோக்கன் எண் கூப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரோ இருமினார்கள்.

"இல்ல..." என்றான்.

"அப்புறம் எதுக்குடா எனக்குப் போன் பண்ற?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கைபேசியை அணைத்து அரிசி டப்பாவின் மேல் வைத்தாள்.

மாமியார் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. "யாருகிட்டம்மா பேசற, டா போட்டு?"

"ஆபீஸ்ல முன்னால கூட வேலை பார்த்தவன் ஒருத்தன், அத்தை" என்று சொல்லிவிட்டு அவள் துணியை எடுத்து மேடையைத் துடைத்தாள்.